எல்லா மாடிக்கும் ஒரே வாசனை

அன்பு மகள் பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம்; வெயில் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போன வாரம் நீ பேசும்போது, புது ஊர் வெயில் ஊர், பழைய சென்ட்டைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனால் பக்கத்து மேஜைக்காரி ஜன்னலைத் திறந்துவிடுகிறாள், வெயிலுக்கு லேசாக ஒரு சென்ட் சொல்லும்மா என்று கேட்டாய். அது பெரிய கதை, எழுதுகிறேன் என்றேன். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்பதை நீ கவனித்தாயோ என்னவோ. அந்தக் கதை சென்ட்டில் ஆரம்பித்து உன் அப்பாவின் கண்ணில் போய் நிற்கிறது. பதறாதே, விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது. வருகிற வியாழக்கிழமை முதல் கண்ணுக்கு ஆபரேஷன். அதற்கு அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் சம்மதித்தவர், "முடியுற வரைக்கும் பொடிசு காதுக்குப் போகக் கூடாது, அவ லீவு போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். வாக்கு என்றால் வாக்குதான். அதனால் நேற்று தபால் ஆபீசுக்குப் போய், கடிதம் அங்கே போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று விசாரித்தேன். அவசரமா என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர். இல்லை, மெதுவாகப் போகிற வழி எது என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து யாரும் அப்படிக் கேட்டதில்லையாம். வியாழக்கிழமைக்கு முன்னால் இது உன் கைக்கு வராது என்று உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். நான் வாக்கு மீறவில்லை, பார்த்தாயா?

இனி சென்ட்டுக்கு வருகிறேன். இந்த வருஷ வெயிலில் நம் கட்டடத்து லிஃப்ட்டுக்குள் யாரும் போக முடியவில்லை. நாலாவது மாடி ஜவுளிக்கடைக்காரரை உனக்குத் தெரியும், கல்யாண மாப்பிள்ளை மாதிரி காலையிலேயே கனமான அத்தரைப் பூசிக்கொண்டு இறங்குகிறவர். அவர் கீழே போய் ஒரு மணி நேரமானாலும் அத்தர் லிஃப்ட்டிலேயே நின்றுகொண்டிருக்கும். முதல் மாடி பஸ் டிரைவர் மதிய ஷிப்ட் முடிந்து அதே லிஃப்ட்டில் ஏறுவார். அவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் நிரம்பும், பாவம், உழைக்கிற உடம்பு. அத்தரும் வேர்வையும் சேர்ந்தால் என்ன ஆகும்? வெந்நீரில் சர்க்கரை சீக்கிரம் கரைகிற மாதிரி, சூடான காற்றில் வாசனை வேகமாக ஓடும் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! இங்கே எல்லோருக்கும் அது செய்முறை விளக்கமாகவே நடந்தது. ஒரு நாள் கீழ் வாசலில், "உங்க வேர்வைக்கு என் அத்தர் எவ்வளவோ மேல்" என்று அவர் சொல்ல, "உங்க அத்தருக்கு என் பஸ் புகை எவ்வளவோ மேல்" என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் கை ஓங்குகிற அளவுக்குப் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் விற்கிறாரே நம் செயலாளர், அவர் அன்று மாலையே மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். அந்தக் கூட்டத்தில்தான் உலகத்தில் வேறு எந்தக் கட்டடத்திலும் எடுக்காத ஒரு முடிவை எடுத்தோம். வெயில் காலம் முடிகிற வரை கட்டடத்தில் இருக்கிற எல்லோரும் ஒரே சென்ட்டைப் போடுவது, அது லேசான சென்ட்டாக இருப்பது, அதைத் தேர்வு செய்கிற பொறுப்பு ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற முறையில் என்னுடையது. கை தட்டினார்கள். எனக்கும் ரொம்ப நாளாகப் பரீட்சை நடத்தாமல் கை அரித்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளேன்.

கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு ஒரு சென்ட் கடை இருக்கிறது. ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டும். கடைக்காரர் கண்ணாடிக் குப்பிகளுக்குப் பின்னால் இருந்துகொண்டு தானே கலந்து கொடுப்பார். அவரிடமிருந்து ஏழெட்டு மாதிரிகள் வாங்கி வந்து, காகிதக் கீற்றுகளில் தொட்டு, பெயர் எழுதாமல் நம்பர் மட்டும் போட்டு, மொட்டை மாடியில் எல்லோரையும் தள்ளித் தள்ளி உட்கார வைத்தேன். பக்கத்தில் இருப்பவர் கீற்றை முகரக் கூடாது, முகர்ந்தால் மதிப்பெண் குறையும் என்று சொல்லியும் ஜவுளிக்கடைக்காரர் காப்பி அடித்தார். சென்ட்டுகளும் மாணவர்கள் மாதிரிதான் பொடிசு. மல்லிகை முதல் பெஞ்சுக்காரி, கேள்வி கேட்பதற்கு முன்பே கை தூக்கிக் கத்துவாள். ரோஜா மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள், பத்து நிமிஷம் பிரமாதம், அதற்குமேல் எதுவும் தெரியாது. சந்தனம் கடைசி பெஞ்சில் தூங்குகிற பையன், வெயில் ஏறஏறத்தான் கண்ணைத் திறப்பான், அதற்குள் எல்லோருக்கும் தலைவலி. எலுமிச்சைத் தோலும் வெள்ளரிக்காயும் நனைந்த புல்லும் கலந்த மாதிரி ஒன்று இருந்தது. கேட்டால்தான் பதில் சொல்லும், சொன்னாலும் மெதுவாகச் சொல்லும். அதற்குத்தான் முதல் மதிப்பெண். கடைக்காரரிடம் சொன்னதும், "நல்ல தேர்வுங்க, போட்டவங்களுக்கே போட்டது தெரியாது" என்றார். கூட வந்த பஸ் டிரைவர், "தெரியாததுக்கு எதுக்கு அண்ணே காசு?" என்று கேட்டார். நான் அன்றே அந்தக் கேள்விக்குக் காது கொடுத்திருக்கலாம்.

ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை கிசுகிசுத்தால் யாருக்கும் கேட்காது. மொத்த வகுப்பும் கிசுகிசுத்தால்? பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து கதவைத் தட்டுவார். லேசான சென்ட்டை ஒரு கட்டடமே போட்டபோது நடந்ததும் அதுதான். போதாததற்குப் படிக்கட்டு துடைக்கிற அக்கா, கட்டடத்துக்கு என்றால் கட்டடத்துக்கும்தானே என்று துடைக்கிற தண்ணீரிலும் ஊற்றிவிட்டாள். இரண்டே வாரத்தில் கீழ் வாசல் முதல் மொட்டை மாடி வரை எலுமிச்சையும் வெள்ளரியும் புல்லும்தான். சண்டை நின்றது, அது உண்மை. ஆனால் வேறு என்னென்னவோ ஆரம்பித்தது. பஸ் டிரைவர் வீட்டுக் குழந்தை யார் கை நீட்டினாலும் அம்மா என்று தாவியது, பெற்றவள் முகம் தொங்கிப் போயிற்று. ஜவுளிக்கடைக்காரர் வீட்டு நாய், ஊரையே பார்த்துக் குரைத்த நாய், எல்லோரும் எஜமான் மாதிரியே மணப்பதால் யாரைக் கடிப்பது என்று தெரியாமல் படிக்கட்டில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டது. டிரைவரின் மனைவி என்னிடம் வந்து, "டீச்சர், அவர் சட்டையில பொம்பளை வாசனை வருது. கேக்கவும் முடியல. அது என் வாசனை, உங்க வாசனை, நம்ம செயலாளர் வாசனை. நான் யார் மேலதான் சந்தேகப்படறது?" என்று கேட்டாள். 

இதற்கிடையில் அப்பா மாறிக்கொண்டே வந்தார். யார் எதிரில் வந்தாலும் "வாங்க வாங்க, சௌக்கியமா" என்று பொதுவாகச் சொல்வார், பெயரோ முறையோ வராது. லிஃப்ட்டை விட்டுவிட்டு, இதயத்துக்கு நல்லது என்று படியில் ஏறினார். ஜோடி மாற்றிச் செருப்புப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். கேட்டால், "ரெண்டும் செருப்புதானே, ஒண்ணு மட்டும் தொப்பியா?" என்பார். வயசு ஆகிறது, கவனம் குறைகிறது என்று நினைத்துக்கொண்டேன். கடையிலோ குறையே இல்லை. பூட்டு ரிப்பேரும் டூப்ளிகேட் சாவியும் அவருக்கு விரல் நுனியில் இருக்கிற வேலை, அரத்தை வைத்து இழுக்கிற சத்தத்திலேயே சாவி சரியாக வந்ததா என்று சொல்லிவிடுவார். யாருக்குச் சந்தேகம் வரும், சொல்லு?

போன மாதம் ஒரு நாள் மதியம், அனல் பறந்துகொண்டிருந்தது. அப்பா சாப்பாட்டுக்கு வர நேரமாகிவிட்டதே என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டாவது மாடி பல் டாக்டர் வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "டீச்சர், அண்ணா எங்க வீட்டுல இருக்கார். சத்தம் போடாம வாங்க" என்றாள். என்னம்மா ஆச்சு என்றால், படியில் நின்றபடியே கிசுகிசுப்பாகச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கிளினிக்கிலிருந்து வந்தாளாம், கதவு திறந்திருக்கிறது. பூட்டு உடையவில்லை, கீறல்கூட இல்லை. உள்ளே இருந்து குறட்டைச் சத்தம். திருடன் தூங்குவானா என்று யோசித்தாளாம், இருந்தாலும் கையில் அகப்பட்ட குடையை ஓங்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், அவள் சோபாவில் உன் அப்பா, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மல்லாந்து. இவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டியா டீச்சர்? அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டு" என்றாராம். இவள் கூட்டினாளாம். "ஏன் கூட்டினேன்னு எனக்கே தெரியல டீச்சர், அவர் சொன்ன தோரணை அப்படி" என்றாள். தண்ணீர் கேட்டிருக்கிறார், கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். "என்ன இன்னிக்கு, கேட்டதும் தண்ணி வருது? உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே ஆத்திரம் வந்தது, அடக்கிக்கொண்டேன். அதன் பிறகுதான் அவர் எழுந்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பேசாம இருக்கிறதே நல்லது. பேசினா எனக்கு இருக்கிற தைரியமும் போயிடும். ஒரு விஷயம் சொல்லணும். எனக்குக் கண்ணு தெரியல டீச்சர்" என்றாராம்.

இதற்குமேல் எப்படி எழுதுவது என்று பேனாவை வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அவர் அவளிடம் சொன்னது இதுதான். பல மாதமாக எல்லாம் பாலில் முங்கின மாதிரி தெரிகிறதாம். "கடையில விரல் பார்த்துக்குது. வீட்டுல மூக்கு பார்த்துக்கிட்டிருந்தது. கீழ இஸ்திரிக்கடை கரி வாசனை, முதல் மாடி குழந்தை பவுடர், ரெண்டாவது மாடி பல் டாக்டரோட கிராம்பு எண்ணெய், அதுக்கும் மேல வந்தா உன் பழைய புஸ்தகமும் என் மிஷின் எண்ணெயும். அதை வெச்சுத்தான் வீட்டுக்கு வந்துட்டிருந்தேன். ஆளையும் அப்படித்தான் கண்டுபிடிச்சேன். இந்தப் பாழாப்போன சென்ட் வந்ததிலேர்ந்து எல்லாரும் ஒரே ஆளு, எல்லா மாடியும் ஒரே மாடி. நேத்து லிஃப்ட் வாசல்ல நீன்னு நினைச்சு ஜவுளிக்கடைக்காரர் தோள்ல கையைப் போட்டு, நீ இன்னிக்குக் கொஞ்சம் அழகா இருக்கேன்னு சொல்லிட்டேன். அவர் தேங்க்ஸ்னு சொன்னப்புறம்தான் தெரிஞ்சது" என்றாராம். பல் டாக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, எதையும் வெளியே விட முடியாமல், அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மெல்ல உருவிக்கொண்டு என்னிடம் ஓடி வந்திருக்கிறாள். படியை எண்ணினால் போதாதா என்று நீ கேட்பாய், நானும் பிற்பாடு கேட்டேன். எண்ணத்தான் செய்தாராம். நடுவில் பஸ் டிரைவர் நிறுத்தி டூப்ளிகேட் சாவி வேண்டும் என்று பேச்சுக் கொடுக்கவும் கணக்குப் போய்விட்டது. சாவி பொருந்தாதபோதாவது சந்தேகம் வர வேண்டாமா என்றேன். பூட்டுத்தான் இறுகிவிட்டது என்று நினைத்து, பையிலிருந்த கம்பியை விட்டுத் திறந்துவிட்டாராம். வேறு யாராக இருந்தாலும் கதவு திறக்கவில்லையே, இது நம் வீடு இல்லை என்று திரும்பிப் போயிருப்பான். உலகத்தில் எந்தக் கதவும் திறக்கும் என்று நம்புகிறவர் அப்படித் திரும்ப மாட்டார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மனசு எப்படி இருந்தது என்று கேட்காதே. இவ்வளவு மாதம் ஒரே வீட்டில், ஒரே தட்டுக்கு எதிரில், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தைரியம் வந்து சொன்னார், அதையும் கீழ் மாடி வீட்டில் சொல்லிவிட்டார். சோபாவில் போய் உட்கார்ந்தேன். அவர் கையை நீட்டினார், கொடுத்தேன். தடவிப் பார்த்தவர், "என்ன டீச்சர், இப்பதானே கை மெத்துன்னு இருந்தது, அதுக்குள்ள சொரசொரப்பாயிடுச்சு?" என்றார். நாற்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த கை, வேறு எப்படி இருக்கும் என்றேன். குரலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "நீ இப்பதான் வந்தியா?" ஆமாம் என்றேன். "அப்போ இவ்வளவு நேரம் என் கையைப் பிடிச்சுட்டு இருந்தது யாரு?" சமையலறை வாசலில் நின்றவள், "நான்தான் அண்ணா, பல் டாக்டர்" என்றாள். "நீ ஏம்மா எங்க வீட்டுல இருக்கே?" "இது எங்க வீடு அண்ணா." அப்பா கையால் துழாவிச் சட்டையை எடுத்து, நிதானமாகப் போட்டு, எல்லாப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, "அதான் பூட்டு அப்படி இருந்தது. மலிவுப் பூட்டும்மா, மாத்திடு" என்றார். மூன்று பேரும் சிரித்தோம் பொடிசு. சிரித்துக்கொண்டே இருந்தபோது அவர் அழுதார். உன் அப்பா அழுது நீ பார்த்திருக்கமாட்டாய், நான் அன்றுதான் பார்த்தேன்.

கண் டாக்டரிடம் போகலாம் என்றதும் அழுகை நின்று பிடிவாதம் வந்துவிட்டது. "பூட்டுக்காரன் நான் சொல்றேன், அடுத்தவன் கம்பி விட்ட பூட்டு பழையபடி நிக்காது. கண்ணு மட்டும் நிக்குமா? இப்போ மங்கலாவது தெரியுது, அதையும் கெடுத்துட்டா?" என்றார். நான் எனக்குத் தெரிந்த உதாரணமெல்லாம் சொன்னேன். கரும்பலகையில் தூசி படிந்தால் துடைக்கிறோம், பலகையா கெட்டுப்போகிறது என்றேன். ஜன்னல் கண்ணாடி மாற்றினால் வீடு இடிகிறதா என்றேன். "நான் உன் ஸ்டூடண்ட் இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டார். நான் நடத்திய பாடம் ஏறாத ஒரே மாணவர் அவர்தான். அப்போதுதான் பல் டாக்டர் அவர் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தன் சாவியை அவர் கையில் கொடுத்து, "திருப்பிப் பாருங்க அண்ணா" என்றாள். திருப்பினார். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போயிற்று. "இந்தப் பூட்டு வாங்கின நாள்லேர்ந்து மூணு தடவை குலுக்கினாத்தான் திறக்கும். என்னைக் கேக்காம நீங்க கம்பி விட்டீங்க. இப்போ பாருங்க" என்றாள். அப்பா குனிந்து பூட்டில் காதை வைத்து, பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார், திறந்தார். "நல்லாத்தான் இருக்கு. திறந்தவன் கை அப்படி" என்றார். "கண் டாக்டர் கையும் அப்படி இருக்கலாம் இல்லையா?" என்று அவள் கேட்டாள். அவர் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, "இருக்கலாம்னு எல்லாம் நம்ப முடியாது. அந்த ஆள் கையைப் பார்த்துட்டுத்தான் சொல்வேன்" என்றார்.

அவர் அதைச் சொல்லுக்குச் சொல் நடத்தினார் என்றால் நம்புவாயா? கண் ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டு உள்ளே போனோம். டாக்டர் நடுத்தர வயசுப் பெண், அமைதியாகப் பேசுகிறவள். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, புரை முற்றியிருக்கிறது, எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைத்தால் நன்றாகத் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். அப்பா, "அதெல்லாம் இருக்கட்டும், கையைக் கொஞ்சம் குடும்மா" என்றார். ஜோசியம் பார்க்கிறவர் என்று நினைத்தாளோ என்னவோ, நீட்டினாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டையும் கம்பியையும் எடுத்து மேஜைமேல் வைத்து, திற என்றார். எனக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. வெளியே வரிசை, நர்ஸ் கதவில் நின்று மணியைப் பார்க்கிறாள். டாக்டர் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். கம்பியை விட்டு மெல்ல அசைத்தாள். திறக்கவில்லை. வேறு பக்கம் அசைத்தாள். திறக்கவில்லை. கம்பியை அப்படியே வெளியே எடுத்துப் பூட்டோடு அவர் கையில் வைத்து, "இதுக்கு மேல அழுத்தினா உள்ள ஏதாவது உடைஞ்சிடும் ஐயா. இது எனக்குத் தெரியாத வேலை" என்றாள். போச்சு, தோற்றுப்போனாள், இனி இவரை எந்தக் கொம்பனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர முடியாது என்று நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். அப்பாவோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "என்கிட்ட வேலை கத்துக்க வந்தவன் எல்லாம் அழுத்தி அழுத்தியே பூட்டைக் கெடுத்தான். திறக்காதப்போ நிறுத்துற கை இதுதான். வியாழக்கிழமை வெச்சுக்கலாம்மா" என்றார், என்னவோ அவர்தான் டாக்டருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற மாதிரி. அவளும் தேங்க்ஸ் ஐயா என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "நல்ல பொண்ணு, நம்ம தொழிலுக்கு வந்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கட்டடத்து சென்ட்டை, அப்பா வீடு மாறிப்போன அன்று மாலையே ரத்து செய்துவிட்டோம். அப்பாவின் கண் விஷயத்தைப் பல் டாக்டர் சொன்னதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை, அக்கா படிக்கட்டை வெறும் தண்ணீரால் துடைத்தாள். ஜவுளிக்கடைக்காரர் மறுபடி அத்தருக்குப் போய்விட்டார், இப்போது லிஃப்ட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை, அப்பாவுக்கு நாலாவது மாடி எங்கே என்று தெரிய வேண்டுமே. பல் டாக்டர் வாசல் மிதியடியில் கிராம்பு எண்ணெயைத் தாராளமாகவே தெளித்து வைத்திருக்கிறாள். பூட்டையும் மாற்றிவிட்டாள். அப்பாதான் மாட்டிக் கொடுத்தார்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். வெயிலுக்கு எலுமிச்சையோ ஆரஞ்சுத் தோலோ கலந்த லேசானதாக வாங்கு. பூ வாசனை வேண்டுமென்றால் ஓரத்தில் இருக்கட்டும், நடுவில் வேண்டாம். கடையில் காகிதத்தில் முகர்ந்து முடிவு செய்யாதே. மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு வெயிலில் ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி முகர்ந்து பார், அப்போதுதான் அதன் உண்மையான குணம் தெரியும். குளித்த ஈரம் முழுக்கக் காய்வதற்குள் போடு, கொஞ்சமாகப் போட்டாலே நிற்கும். துணியில் அடிக்காதே, கறை படியும். மத்தியானம் வாசனை போய்விட்டதே என்று இன்னொரு தடவை அடிக்காதே. போனது உன் மூக்குக்குத்தான், பக்கத்து மேஜைக்காரியின் மூக்குக்கு இல்லை. இது எல்லாம் பரீட்சை நடத்திக் கண்டுபிடித்தது, அலட்சியம் செய்யாதே. ஒன்று மட்டும் முக்கியம். உன் தோழிகள் எல்லோரும் போடுகிற சென்ட் எது என்று கேட்டு, அதை வாங்காதே. ஏன் என்று இப்போது உனக்கே தெரியும்.

தண்ணீர் நிறையக் குடி. மதிய வெயிலில் குடை இல்லாமல் வெளியே போகாதே, ஃபேஷன் கெட்டுப்போகிறது என்று சொல்லாதே. உடம்பை விட்டுவிட்டு எந்த வேலையும் இல்லை. ராத்திரி கண் விழித்து போனைப் பார்க்காதே, கண் எவ்வளவு அருமை என்று இந்த வீட்டில் இருந்துகொண்டு நான் சொன்னால் நீ கேட்டே ஆகவேண்டும். நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு, எங்கே இருந்தாலும் நாலு பேர் உன்னைத் தேடுகிற மாதிரி இரு.

நீ இதைப் படிக்கும்போது அப்பாவுக்குக் கட்டுப் பிரித்திருப்பார்கள். படித்து முடித்ததும் வீடியோவில் கூப்பிடு, நான் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஒன்றை யோசித்துப் பார். இந்த ஆறேழு மாதமாக நீ வீடியோவில் வரும்போதெல்லாம், "இளைச்சுட்டே பொடிசு, சாப்பிடறதில்லையா" என்றுதானே சொன்னார்? நீ நன்றாகப் பூசின மாதிரிதான் இருக்கிறாய், நீயே சிரித்துக்கொண்டு அப்பாவுக்கு எப்போதும் இதே பாட்டு என்றாய். குரலை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இடுப்பு வரை இருந்த முடியை நீ தோளோடு வெட்டிக்கொண்டு, அப்பாவிடம் காட்டும்மா என்று என்னிடம் சொன்னாயே, காட்டினேன், அவர் "நல்லா இருக்கு" என்றார், திட்டவே இல்லையே என்று நீ ஆச்சரியப்பட்டாய். அவர் அதை இன்னும் பார்க்கவில்லை பொடிசு. திட்டு வாங்கத் தயாராக இரு. என்னைக் கூப்பிடாதே, நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எப்போதும் உன் நலனையே நினைத்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா

(அப்பா கடையில் இருக்கிறார், அதனால் கையெழுத்து வாங்கவில்லை.)